தினமும் செய்தி படித்தால் நாட்டு நடப்பு தெரிந்துவிடுமா?

கூவம்கரை (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் குழுமத்தில் அரசியல் பேசுவதற்குக் குறைவில்லை. ஆனால் அந்த அரசியலை நாம் எவ்வாறு தெரிந்துகொள்கிறோம் என்பதைப் பற்றி இங்கே விரிவாகப் பேசியதாக நினைவில்லை. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

காலையில் கைபேசியில் தலைப்புச் செய்திகள், மின்சார ரயிலில் யாரோ ஒரு விமர்சகரின் யூடியூப் பேச்சு, இரவில் தொலைக்காட்சி விவாதம், இடையிடையே வாட்ஸ்அப்பில் வந்து விழும் காணொளிகள் என்று நம்மில் பலர் நாளின் கணிசமான நேரத்தைச் செய்திக்குக் கொடுக்கிறோம். அப்படிக் கொடுப்பவர் பொறுப்புள்ள குடிமகன், கொடுக்காதவர் அக்கறையற்றவர் என்ற எண்ணமும் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் சரிதானா என்பதே என் கேள்வி.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில வாரங்கள் தமிழ்நாட்டில் வேறு பேச்சே இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் வரம்பு மீறினார்கள் என்று சொல்லி, அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் அது பரிந்துரைத்தது. 2018இல் கொதித்து எழுதியவர்களிடம், எவர் மீது எந்த நடவடிக்கை பரிந்துரைக்கப்பட்டது, அதில் எது நிறைவேறியது என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? நான் கேட்ட நண்பர்களில் பெரும்பாலோருக்கு அறிக்கை வெளிவந்ததே நினைவில்லை. இத்தனைக்கும் அவர்கள் ஒரு நாள்கூடச் செய்தி பார்க்கத் தவறாதவர்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் கண்முன் நடந்திருக்கிறது. 2015 டிசம்பருக்கு முன், செம்பரம்பாக்கம் என்பது சென்னைவாசிகளில் பலருக்கு வெறும் ஊர்ப்பெயர். டிசம்பர் 1ஆம் தேதி இரவு, அரசுக் கணக்கின்படியே வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அங்குள்ள ஏரியிலிருந்து அடையாற்றில் வந்து, வீட்டின் தரைத்தளம் மூழ்கிய பிறகு, அதே மக்கள் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது, நீர்மட்டம் 22 அடியை நெருங்குகிறது, முதலில் 1,000 கன அடிதான் திறக்கிறார்கள் என்று காய்கறிக் கடையில் நின்றவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். பூண்டி, சோழவரம், புழல் ஆகியவற்றின் இருப்பை நாளிதழின் மூலையில் தேடிப் படிக்கும் பழக்கம் என் தெருவில் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. 2019 கோடையில் இந்த ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது அந்தப் பழக்கம் இன்னும் ஆழமாகப் பதிந்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஏரி விஷயத்தில் மக்களிடம் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியோடு அவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்தியைத் தேடிப் போனார்கள். தூத்துக்குடி விஷயத்தில் செய்திதான் நம்மைத் தேடி வந்தது, அது வருவது நின்றதும் நாமும் நின்றுவிட்டோம். எல்லாவற்றையும் தினமும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரு பொது விஷயத்தை எடுத்துக்கொண்டு அதன் முடிவு வரை விடாமல் பின்தொடர்வதுதான் குடிமகனின் கடமை என்று நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

தலைமையாசிரியர் (ஓய்வு), திண்டுக்கல்

நண்பர் கூவம்கரை அவர்களுக்கு வணக்கம். நல்ல கேள்வி. எனினும் தங்கள் முடிவை என்னால் முழுவதும் ஏற்க இயலவில்லை.

தம் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று கேட்டு ஏரியைக் கவனித்தவர், மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுமா என்பதைக் கவனித்தாரா? டெல்டா விவசாயிக்கு அதுதான் வாழ்வும் சாவும். நமக்கு ஏற்கெனவே உள்ள கேள்வியை மட்டும் பின்தொடர்ந்தால், நமக்குத் தோன்றவே தோன்றாத கேள்விகள் நம்மிடம் எப்படி வந்து சேரும்? பொதுவாக நாளிதழ் படிப்பதன் பயனே அதில்தான் இருக்கிறது. நாம் தேடாத ஒரு பக்கத்தில், நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்த ஊரின் துயரம் கண்ணில் படுகிறது.

தமிழில் செய்தித்தாள் எதற்காகப் பிறந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கியபோது அவர் ஏற்கெனவே ஓர் ஆங்கில இதழின் ஆசிரியர். ஆங்கிலம் அறியாத பெரும்பான்மை மக்களுக்கு நாட்டு விவகாரம் தெரியாமல் சுயராஜ்யம் பேசிப் பயனில்லை என்பதை உணர்ந்தே அவர் தமிழுக்கு வந்தார். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் நடையில் வந்தது. இவை எல்லாம் பொதுவான வாசிப்பை நம்பி நடத்தப்பட்ட முயற்சிகள்.

என் இளமையில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரே ஒரு நாளிதழ்தான் வரும். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர்கள் கேட்டுவிட்டு, சில சமயம் படித்தவரைவிடக் கூர்மையாக மறுத்துப் பேசுவார்கள். திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் இதுவே நடந்தது. அங்கே இரு கட்சிக்காரர்களும் ஒரே தாளைத்தான் படித்தார்கள், எனவே எதைப் பற்றிச் சண்டையிடுகிறோம் என்பதிலாவது அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. இன்று ஒரே வீட்டில் தந்தையின் கைபேசி காட்டும் நாடும் மகனின் கைபேசி காட்டும் நாடும் வேறு வேறாக இருக்கின்றன. நண்பர் சொல்வதுபோல் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பிளவு இன்னும் கூடாதா?

இரவுப்பணிச் செவிலியர்

ஐயா அவர்களின் தேநீர்க் கடையைப் பற்றிப் படித்தபோது, அங்கே பெண்கள் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் என் மனத்தில் பட்டது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாட்டு நடப்பு அறிந்தவர் என்று நாம் யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாளிதழ் முதலில் அப்பாவிடம் போகும், பிறகு அண்ணனிடம். அம்மாவின் கைக்கு வரும்போது பெரும்பாலும் அது அலமாரியில் விரிக்கும் தாளாகியிருக்கும். ஆயினும் ரேஷன் கடையில் எந்த மாதம் பருப்பு குறைந்தது, எப்போது பாமாயில் நின்றது என்பது தெருவிலேயே அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நேரம் இல்லாதவர்களுக்கு இன்று செய்தி வாட்ஸ்அப் குடும்பக் குழுவில்தான் வருகிறது. அதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதை 2018 மே மாதத்தில் கண்டோம். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாகப் பரவிய ஒலிப்பதிவுகளையும் படங்களையும் நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்த ஒரு குடும்பத்தை ஊரார் தாக்கினார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தாக்கியவர்களில் பலர் தங்கள் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்றே நம்பியிருப்பார்கள் என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அவர்களிடம் அக்கறை இருந்தது, செய்தியும் இருந்தது. அது உண்மையா என்று யாரிடம் கேட்பது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

கூவம்கரை அவர்களின் கருத்துக்கு வலுச் சேர்க்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனா வார்டில் பணியாற்றியபோது, மாநில நலவாழ்வுத் துறை ஒவ்வொரு மாலையும் வெளியிட்ட அறிக்கையை நான் தவறாமல் படிப்பேன். தொலைக்காட்சியில் வரும் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, பின்பக்கங்களில் இறந்தவர்களின் வயது, இணைநோய், இறந்த நாள் ஆகியவை இருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடுவேன். அந்த ஜூன் மாதத்தில், சென்னை மாநகராட்சிப் பதிவேட்டிலுள்ள மரணங்கள் சில மாநிலக் கணக்கில் சேரவில்லை என்று செய்திகள் வந்தன. குழு அமைத்து ஆராய்ந்த பிறகு ஜூலை 22 அன்று 444 மரணங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சிலர் இருந்ததால்தான் அந்த 444 பேரும் கணக்கில் வந்தார்கள். அதற்கு அரசு வெளியிட்ட ஆவணத்தையே திறந்து பார்க்கும் பொறுமை வேண்டியிருந்தது.

மாவட்டச் செய்தியாளர்

செய்தியைப் படிப்பவர்கள் பேசுகிறீர்கள். எழுதுகிற பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. மறுநாள் எல்லா நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலும் அதன் செய்தி வரும்: இத்தனை மனுக்கள் பெறப்பட்டன, அவற்றின் மீது உடனடி நடவடிக்கை எடுக்க அலுவலர்களுக்கு ஆட்சியர் உத்தரவிட்டார், இத்தனை பேருக்கு நலத்திட்ட உதவிகள் வழங்கப்பட்டன. கூடவே ஒரு படமும் இருக்கும். செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து தட்டச்சாகவே வந்துவிடுகிறது. நாங்கள் தலைப்பை மாற்றிப் போடுகிறோம். போன மாதம் பெற்ற மனுக்களில் எத்தனை உண்மையில் தீர்ந்தன என்று எழுத வேண்டுமானால் ஒருவர் பல நாட்கள் அலைய வேண்டும். தாலுகா நிருபர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக, சொற்ப ஊதியத்துக்கு உழைப்பவர்கள். விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. அந்த அலைச்சலுக்கு யார் பணம் தருவார்கள்?

எனவே ஐயா அவர்கள் சொல்லும் பொதுவான வாசிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நம் நாளிதழ்கள் பதிப்பு பதிப்பாகப் பிரிந்துவிட்டன. தேனிப் பதிப்பில் வரும் செய்தி நாகப்பட்டினத்து வாசகர் கண்ணில் படுவதே இல்லை. தேடாத ஊரின் துயரம் கண்ணில் படும் என்பது, மாநிலம் முழுவதும் ஒரே தாளைப் படித்த காலத்துக்குப் பொருந்தும்.

அதே சமயம், பின்தொடர் செய்தி வராததற்கு நாங்கள் மட்டுமே காரணம் அல்லர். நடுப்பகுதி என்ற ஒன்று செய்தியில் விற்பதில்லை. கலவரமும் தீர்ப்பும் விற்கின்றன, அவற்றுக்கு இடையே நான்கு ஆண்டுகள் நடக்கும் வாய்தா விற்பதில்லை. ஒரு வாசகர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் மார்ச் மாதம் எழுதிய அந்தப் பாலத்தின் கதி என்னவாயிற்று என்று கேட்டால், அன்று மாலையே செய்தி ஆசிரியர் என்னை அங்கே அனுப்புகிறார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படிக் கேட்பவர்கள் மிகச் சிலரே.

வடமராட்சி வாசகர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைப்பதில்லை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்கி, பிபிசி தமிழோசையைக் கேட்போம். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தி தேயும். அக்கம்பக்கத்தார் அனைவரும் வந்து சத்தமில்லாமல் கேட்டுவிட்டு, பிறகு முற்றத்தில் நின்று நெடுநேரம் பேசுவார்கள். ஐயா அவர்கள் சொல்லும் கூட்டு வாசிப்பின் அருமையை அதனால் நன்கு அறிவேன்.

ஆனால் எங்கள் அண்மைக்கால அனுபவம் வேறு ஒன்றையும் காட்டுகிறது. 2022இல் இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலைக்கு வந்தபோது, எரிபொருள் வரிசையில் இரவு முழுவதும் நின்ற சாதாரண மக்களும் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பற்றிப் பேசினார்கள். மத்திய வங்கி அந்தக் கையிருப்பின் அளவை மாதந்தோறும் வெளியிட்டே வந்தது. அது சரிந்துகொண்டிருந்தது 2021 முழுவதும் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. அதைப் பொருளாதாரப் பக்கத்துச் செய்தி என்று நாங்கள் புரட்டிக்கொண்டு போனோம். வீட்டில் எரிவாயு தீர்ந்த பிறகு கேள்வி பிறந்து என்ன பயன்? ஆகவே கூவம்கரை அவர்கள் சொல்லும் கேள்வி, ஆபத்து வருவதற்கு முன்பே மனத்தில் எழ வேண்டும். அதற்குப் பொது வாசிப்பு கொஞ்சமாவது வேண்டும் என்ற இடத்தில் நான் ஐயாவின் பக்கம் நிற்கிறேன்.

கூவம்கரை

அனைவருக்கும் நன்றி. கேள்வி மட்டும் போதாது, நம் வீட்டு வாசலைத் தாண்டிய கேள்வியும் வேண்டும் என்ற தலைமையாசிரியர் ஐயாவின் வாதத்தை மனமார ஏற்கிறேன்.

இந்த வாதம் நூறாண்டு பழையது. 1920களில் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், எல்லாப் பொது விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் அளவுக்கு விவரமறிந்த குடிமகன் எங்குமே இல்லை, அத்தகைய ஒருவரை எதிர்பார்த்து ஜனநாயகம் நடத்த முடியாது என்று எழுதினார். தத்துவ அறிஞர் ஜான் டூயி, நிபுணர்களிடம் விட்டுவிடுவது தீர்வாகாது, மக்கள் கூடிப் பேசும் இடங்கள் வளர வேண்டும் என்றார். நான் டூயியின் பக்கம். நம் இழையிலும் எரிவாயுவைப் பற்றியோ ரேஷன் பருப்பைப் பற்றியோ முதலில் அறிந்தவர்கள் நிபுணர்கள் அல்லர். ஆனால் அவர்கள் அறிந்ததைக் கேட்டுப் பதிவுசெய்ய ஓர் இடம் இல்லாதபோது அது அடுப்படியிலேயே நின்றுவிடுகிறது.

அப்படிப்பட்ட இடம் நம்மிடம் இருக்கிறதா என்று யாராவது சொன்னால் நல்லது.

நெல்வயல்

இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. 1992இன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்த கிராம சபை அது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் அது கூட வேண்டும். ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். எவரும் நம்மை அழைக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

எங்கள் ஊரில் இது நெடுங்காலம் அரைமணி நேரச் சடங்காகவே நடந்தது. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு, முன்பே எழுதிவைத்த தீர்மானங்களைப் படித்து முடிப்பார்கள். பிறகு நாங்கள் சிலர் படிவம் 30ஐக் காட்டும்படி கேட்கத் தொடங்கினோம். ஊராட்சியின் வரவு செலவு அதில்தான் இருக்கும். முதல் முறை படிவத்தைக் கையில் வாங்கியபோது, ஒரே தெருவிளக்குப் பராமரிப்புக்கு அடுத்தடுத்த மாதங்களில் பணம் எடுத்திருப்பது தெரிந்தது. அந்தத் தெருவில் வசிக்கும் பெண்கள், கம்பத்தில் எவரும் ஏறியதே இல்லை என்று எழுந்து சொன்னார்கள். அவர்களில் எவரும் நாளிதழ் படிப்பவர் அல்லர். அடுத்த கூட்டத்துக்குள் விளக்கு எரிந்தது; செலவுக் கணக்குக்கு விளக்கம் கேட்டு நாங்கள் அனுப்பிய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை.

தலைமையாசிரியர் ஐயா தேநீர்க் கடையில் கண்டதும் செவிலியர் சகோதரி மருத்துவ அறிக்கையில் கண்டதும் இந்தக் கூட்டத்தில் ஒன்றாக வருகின்றன: ஒரே தாள், எல்லோர் முன்னும், உரக்கப் படிக்கப்படுகிறது.

இரவுப்பணிச் செவிலியர்

சகோதரர் நெல்வயல் அவர்களுக்கு ஒரு கேள்வி. நான் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறேன். கிராம சபை எங்களுக்குக் கிடையாது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் பணி பாதியில் நிற்கிறது. பணி முடிந்ததாகப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

நெல்வயல்

நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்பதை மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் கூட்டத்துக்குப் போகும் முன் கையில் ஆவணம் இருப்பது நல்லது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும். 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஏன் வேலை முடியவில்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று தட்டிக்கழிப்பார்கள். பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரருக்கு வழங்கிய தொகையும் தேதியும், பணி நிறைவுச் சான்றின் நகல் என்று ஆவணங்களாகக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் பிரிவு 19(1)இன்படி முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அளவுப் புத்தகம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு அளவு நாடாவுடன் தெருவில் அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டார் இருவரையாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டச் செய்தியாளர்

அளந்த பிறகு, இரண்டு கணக்குகளையும் உங்கள் ஊர் நிருபரிடம் கொடுங்கள், அம்மா. செய்தி வந்துவிட்டதோடு விட்டுவிடாமல், ஒரு மாதம் கழித்து அவரையே அழைத்து என்னவாயிற்று என்று கேளுங்கள்.